மூன்று கொம்பு எறும்பு

நீதி ஒருபோதும் உறங்குவதில்லை. அரசுகள் சரியலாம், மலைகள் தேயலாம், நீதி மட்டும் இமை கொட்டாமல் விழித்திருக்கும். ஆனால் அதன் கிளை அலுவலகம், சாப்பாட்டுக்குப் பிறகு, பகல் இரண்டரை மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடை மேசையில் கன்னத்தை வைத்து லேசாக வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, எழுந்திரு. ஆள் வந்திருக்கு," என்றாள் அண்ணி.

"முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி. இமையை மட்டும் மூடி வெச்சிருக்கேன்," என்றான் கொழுந்தன், கன்னத்தில் பதிந்திருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பிய்த்து எடுத்தபடி.

கடையின் முன்பாதி மூக்குக்கண்ணாடி விற்றது; பின்பாதி துப்பறிந்தது. இரண்டுக்கும் முதலாளி அண்ணி. இரண்டுக்கும் எடுபிடி அவள் கணவனின் தம்பி. வெளிப்பலகையில் துப்பறிவதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. துப்பறிவாளர் கடை என்று தெரிந்தால் அங்கே கண்ணைக் காட்ட எவன் வருவான்?

வாசலில் நின்றவள் தெருமுனைத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா, தோளில் கேமரா பை. பூச்சிகளை மிக நெருக்கத்தில் படமெடுப்பவள். பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லாததால், பழைய லென்ஸ் ஒன்றை முன்பின்னாகத் திருப்பி, ஜாம் பாட்டில் மூடியை அறுத்துச் செய்த வளையத்தில் பொருத்தியிருந்தாள். திருப்பி மாட்டினால் அந்த லென்ஸ் எறும்பை யானையாக்கும். அந்த மூடியை அறுத்துக் கொடுத்ததே இந்தக் கடைதான்.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள இந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடணுமாம். போட மாட்டேன்."

"சரி, போடாதே."

"போடலைன்னா என் பேரை எழுதி, பக்கத்துல 'மோசடி'ன்னு போட்டு சங்கத்து வாசல்ல ஒட்டுவாங்களாம். என் கடைக்குத் துணி கொண்டு வர்றவங்க அத்தனை பேரும் அந்த வாசலைத் தாண்டித்தான் வரணும்."

"அப்போ போட்டுடுங்களேன்," என்றான் கொழுந்தன்.

தையல்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "துணி வெட்டுற கத்தரிக்கோல் பையிலதான் இருக்கு தம்பி."

கொழுந்தன் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்திவிட்டுக் கடிதத்தை உரக்கப் படித்தான். எழுதியவர் நுண்படக் கலைஞர்கள் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். "'தாகம்' என்ற தலைப்பில் தாங்கள் சமர்ப்பித்துத் தங்கப் பதக்கம் பெற்ற படத்தில், எறும்புக்கு மூன்று உணர்கொம்புகள் இருப்பதை இச்சங்கம் ஆழ்ந்த வேதனையுடன் கவனித்தது. இயற்கை அன்னை எறும்புக்கு வழங்கியவை இரண்டே. மூன்றாவதை வழங்கியது யார்?"

அவன் நிமிர்ந்தான். "நல்ல கேள்வி. யார் வழங்கினது?"

"மேல படி," என்றாள் அண்ணி.

"கீழே இவங்களே சொல்ற மாதிரி எழுதியிருக்கு. செத்த எறும்புகளை ஒட்டவைத்துப் படமெடுத்ததாக ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கோரி, பதக்கத்தைத் திருப்பித் தருகிறேன். இப்படிக்கு. அப்புறம் கோடு. அந்தக் கோட்டு மேலதான் கையெழுத்து."

அண்ணி படத்தை வாங்கி, கண்ணாடியில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தாள். குழாய் முனையில் ஒரு நீர்த்துளி. துளியில் வாய் வைத்த எறும்பு. அதன் வயிற்றுக்குள் தண்ணீர் பளபளப்பதுகூடத் தெரிந்தது. தலையில் இரண்டு கொம்பு. பக்கத்தில், பேய் மாதிரி, மங்கலாக இன்னொன்று.

"எப்படி எடுத்தே?"

"இவ்வளவு கிட்டத்துல போனா எறும்பு முழுக்க ஒரே படத்துல தெளிவா விழாதுக்கா. கண்ணு தெரிஞ்சா கால் மங்கும், கால் தெரிஞ்சா கண்ணு மங்கும். அதனால கேமராவை நூலிழை நூலிழையா முன்னாடி தள்ளி இருபத்திரண்டு படம் எடுத்து, தெளிவான இடத்தை எல்லாம் ஒண்ணா சேர்க்கணும். சங்கத்துலயும் அப்படித்தான் செய்வாங்க, விதியில இடம் இருக்கு. பூச்சி உயிரோட இருக்கணும், இருந்த இடத்துலயே எடுக்கணும், தொடக்கூடாது. அவ்வளவுதான். தண்ணி குடிக்கிற எறும்பு அசையாது. ஆனா பதினாலாவது படத்துல கொம்பை ஆட்டிடுச்சு. சேர்த்தப்போ பழைய இடத்துல ஒண்ணு, புது இடத்துல ஒண்ணு. பதக்கம் வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் நானே பார்த்தேன்."

"அந்த இருபத்திரண்டு படமும் இருக்கா?"

"அழிச்சுட்டேன். என்கிட்ட ஒரே கார்டுதான். மறுநாள் ஒரு வெட்டுக்கிளி வந்துச்சு."

"வெட்டுக்கிளி வந்தா வயல் அழியும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் கொழுந்தன். "ஆதாரம் அழியும்னு இப்போதான் தெரியுது."

அண்ணி சிரிக்கவில்லை. "அந்த எறும்பு செத்திருந்தா கொம்பு அசைஞ்சிருக்காது. அசைஞ்சதாலதான் மூணாச்சு. இது மோசடியே இல்லை. எறும்பு உயிரோட இருந்துச்சுங்கிறதுக்குச் சாட்சி."

"அதையேதான் நானும் தலைவர்கிட்ட சொன்னேன். நாலு வருஷமா தங்கப் பதக்கம் அவருக்குத்தான். நாலும் கும்பிடுபூச்சி. இந்த வருஷம் வெளியூர் நடுவர் வந்ததால எனக்குக் கிடைச்சுது. 'என் நான்கு படங்களில் ஒரு முறையாவது கொம்பு மங்கியிருக்கிறதா? அதுதான் அம்மா பொறுமை' அப்படின்னார்."

அண்ணி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தடவைகூட அசையலையா?"

"இல்லையாம்."

"நாலு வருஷத்துல?"

"ஆமாக்கா."

அண்ணி பூதக்கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "தம்பி, கடையைச் சாத்து."

*

கீழே டயர் கடை, மேலே கலை. ரப்பர் நாற்றம் பிடித்த படிகளில் ஏறினால் சங்கத்தின் கூடம். உலகின் நுண்ணிய உயிர்களைப் பெரிதாக்கிக் காட்டுவதே சங்கத்தின் நோக்கம் என்று முகப்பில் எழுதியிருந்தது. அங்கே மிகப் பெரிதாக்கப்பட்டிருந்த உயிர் தலைவர்தான். அவர் படம் கதவை விட உயரம். பூச்சிகளுக்கு அடுத்த இடம்.

தையல்காரிக்கு ஐந்து மணி வரை உள்ளே நுழையத் தடை. அவள் டயர் கடை வாசலில் நின்றுகொண்டாள். மற்ற இருவரும் மேலே போனார்கள்.

"உறுப்பினராகச் சேரணும்," என்றான் கொழுந்தன், மேசைக்குப் பின்னால் இருந்த செயலாளரிடம்.

செயலாளர் நல்ல மனிதர். விண்ணப்பப் படிவங்களை நேசித்தார். ஒன்றை எடுத்து நீவிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"இதுவரை கையாண்ட பூச்சி?"

"கொசு."

"பிரமாதம். கடினமான பூச்சி. என்ன லென்ஸ்?"

"கை. ரெண்டு கையும்."

செயலாளர் 'கை' என்று எழுதிவிட்டு, யோசித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "இன்னைக்கு அஞ்சு மணிக்கு இருந்து பாருங்க. ஒரு ஒழுங்கு நடவடிக்கை இருக்கு. லென்ஸையே தலைகீழா மாட்டுற ஒரு அம்மா. லென்ஸே இப்படின்னா மத்த ஒழுக்கம் எப்படி இருக்கும், சொல்லுங்க."

"நேராவே வராதுங்க," என்றான் கொழுந்தன் வருத்தத்துடன்.

அதற்குள் சுவரோரமாக அண்ணி இரண்டு முறை செருமியிருந்தாள். மூன்றாவது செருமல் வந்தால் வீட்டில் இரவுச் சாப்பாடு சிக்கலாகிவிடும். "படங்களைப் பார்த்துட்டு மீதியை நிரப்பறேன்," என்று அவன் நழுவினான்.

சுவரில் நான்கு கும்பிடுபூச்சிகள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. முதல் வருடத்துப் படத்தின் பெயர் 'வசந்தம்', பூச்சி பச்சைப் பசேல். இரண்டாவது 'முதிர்ச்சி', வெளிர்ப் பச்சை. மூன்றாவது 'இலையுதிர்காலம்', மஞ்சள். நான்காவது 'துறவு', சாக்குப் பை நிறம். ஒவ்வொன்றின் கீழும் நடுவர் குழுவின் பாராட்டு. 'துறவு'க்குக் கீழே, "அசைவின்மையின் உச்சம்" என்று போட்டிருந்தது.

"அந்த முன்கையில சீப்புப் பல் மாதிரி முள் இருக்கு பார். இடது கை. முதல் படத்துல எண்ணு," என்றாள் அண்ணி பூதக்கண்ணாடியை நீட்டி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவது உடைஞ்சிருக்கு."

"அடுத்தது."

"நாலாவது உடைஞ்சிருக்கு."

"அடுத்தது."

அவன் மூன்றாவதையும் நான்காவதையும் எண்ணிவிட்டு மெதுவாகத் திரும்பினான். "அண்ணி, நாலு வருஷமா ஒரே கதாநாயகி. பூவை மட்டும் மாத்தியிருக்கார்."

"வெயில்ல வெச்ச துணி மாதிரி வருஷா வருஷம் சாயம் போயிருக்கு. போகப் போக அதுக்கேத்த தலைப்பு வெச்சிருக்கார். இப்போ கண்ணைப் பார்."

"கறுப்பா ஒரு புள்ளி. நல்லாத்தானே இருக்கு?"

"நம்ம கடை ஜன்னல்ல போன மழைக்கு ஒண்ணு வந்து உட்கார்ந்துதே, ஞாபகம் இருக்கா? நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் புள்ளி என்னையே பார்த்துச்சு. உங்க அண்ணன் செலவுக் கணக்கு கேட்கிற மாதிரி. அது நிஜப் புள்ளி இல்லை தம்பி. கண்ணோட அமைப்பு அப்படி, பார்க்கிறவங்க பக்கமே தெரியும். செத்துட்டா மறைஞ்சிடும்."

கொழுந்தன் 'இலையுதிர்கால'த்தை உற்றுப் பார்த்தான். பூச்சியைப் பக்கவாட்டில் எடுத்திருந்தார்கள். புள்ளி கேமராவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'துறவு' படத்தில் மேலிருந்து எடுத்திருந்தார்கள். புள்ளி அப்போதும் நேர் எதிரே.

"அப்போ இது?"

"பேனா," என்றாள் அண்ணி.

*

ஐந்து மணிக்குக் குழு கூடியது. ஏழு பேர், ஏழு தண்ணீர்க் குவளை, நடுவில் தலைவர். அவருடைய நாற்காலிக்கு மட்டும் கைப்பிடி இருந்தது. எதிரே தையல்காரிக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் கிடந்த நல்ல நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நுண்படம் என்பது தவம்," என்று தலைவர் தொடங்கினார். "ஓர் உயிர் நம்மை நம்பி அசையாமல் நிற்கும் அந்தக் கணம்..." கணம் இருபது நிமிடம் நீண்டது. கடைசியில் அவர் பேனாவை மேசைமேல் உருட்டிவிட்டார். "கையெழுத்து."

"மாட்டேன்," என்றாள் தையல்காரி.

"குழு ஒருமனதாக..."

"குழு எத்தனை மனசா வேணா இருக்கட்டும். என் எறும்பு தண்ணி குடிச்சுது. குடிக்கலைன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு அந்தக் குழாய்கிட்ட எந்த மூஞ்சியோட போவேன்?"

அண்ணி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "ஒரு சின்ன சந்தேகம் தலைவரே. உங்க கும்பிடுபூச்சிக்கு இடது கையில நாலாவது முள் எப்போ உடைஞ்சுது?"

ஏழு கழுத்துகள் சுவர்ப்பக்கம் திரும்பின. கொழுந்தன் ஏற்கெனவே அங்கே நின்று, பூதக்கண்ணாடியை முதல் படத்தின்மேல் பிடித்தபடி, பொருட்காட்சி வாசலில் கூவுகிறவனைப் போல, "வரிசையா வாங்க, தள்ளாதீங்க," என்றான். எண்ணிவிட்டு வந்தவர்கள் தலைவரைப் பார்க்காமல் தங்கள் தங்கள் குவளையைப் பார்த்தார்கள்.

தலைவர் பிடிபட்டார் என்று கொழுந்தன் நினைத்தான். அப்போது அவர் கண்களில் நீர் திரண்டது.

"ஆம். ஒரே பூச்சிதான். மறைத்துவிட்டேன். அது நான் வளர்த்த பூச்சி."

"வளர்த்ததா?"

"பெற்ற பிள்ளை போல. நான்கு ஆண்டுகள். என் குரல் கேட்டால் தலையைத் திருப்பும். நான் கேமராவை எடுத்தால் தானே அசையாமல் நிற்கும்."

"கும்பிடுபூச்சி ஒரு வருஷத்துக்கு மேல உயிரோட இருக்காதுங்க," என்றாள் தையல்காரி.

"உங்கள் வீட்டில் இருக்காது," என்றார் தலைவர். "அன்பு ஆயுளை நீட்டும் அம்மா. போன மாதம்... இதோ, இந்த விரலில்தான்... போய்விட்டது."

செயலாளர் மூக்கை உறிஞ்சினார். யாரோ "ஒரு நிமிட மௌன அஞ்சலி" என்று முணுமுணுத்தார்கள். நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. ஏழு பேரும், செயலாளரும், ஒரு பூச்சிக்காகத் தலை குனிந்து நின்றார்கள். எப்படி என்று தெரியாமலே கொழுந்தனும் நின்றுகொண்டிருந்தான். அண்ணி அவன் விலாவில் இடித்தாள்.

தையல்காரி மட்டும் எழுந்திருக்கவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

நிமிடம் முடிந்தபோது கூடம் முழுக்க அவளை முறைத்தது. ஈவிரக்கமற்றவள். முள் எண்ணியதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை மறுபடி உருட்டினார். "துயரத்திலும் கடமை கடமைதான். கையெழுத்து."

கொழுந்தன் படிப்பக்கம் திரும்பினான். "அண்ணி, வந்த வழியே போயிடலாம். டயர் கடைக்காரனாவது நம்மளை மதிப்பான்."

அண்ணி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. "தலைவரே, உடலை ஒரு தடவை பார்க்கலாமா? எங்க தம்பிக்கு இளகின மனசு. பார்க்காமப் போனா ராத்திரி சாப்பிட மாட்டான்."

"ஒரு வாய் இறங்காது," என்றான் தம்பி.

"அது... அடக்கம் செய்தாகிவிட்டது," என்றார் தலைவர்.

"இல்லைங்க ஐயா," என்றார் செயலாளர், தழுதழுத்த குரலில், உதவி செய்யும் ஆவலில். "உங்க மேசை டிராயர்லதான் பத்திரமா இருக்கு. நான்தானே வருஷா வருஷம் அந்துருண்டை மாத்தி வைக்கிறேன்."

இந்த முறை யாரும் அறிவிக்காமலே மௌன அஞ்சலி தொடங்கியது.

"வருஷா வருஷமா?" என்றாள் அண்ணி மென்மையாக.

"ஆமாங்க. இதோட நாலு..." செயலாளர் நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் மெல்ல மெல்ல நிரம்புவதைக் கொழுந்தன் பார்த்தான்.

பெட்டி வந்தது. கைக்கடிகாரம் வாங்கும்போது கொடுக்கும் பெட்டி. உள்ளே பஞ்சு, இரண்டு அந்துருண்டை, நடுவில் சாக்குப் பை நிறத்தில் கும்பிட்டபடி அது.

தையல்காரி கேமராவை எடுத்தாள். ஜாம் மூடி வளையத்தைத் திருகிப் பொருத்தினாள்.

"தொடக்கூடாது," என்று கத்தினார் தலைவர்.

"தொட மாட்டேன். அதானே விதி. இருக்கிற இடத்துலயே, தொடாம." வெளிச்சம் ஒரு பக்கம் குறைவாக இருந்தது. அவள் மன்னிப்புக் கடிதத்தை எடுத்து, நடுவில் மடித்து, வெள்ளைப் பக்கம் பூச்சியைப் பார்க்கும்படி பெட்டியோரம் நிறுத்தினாள். பூச்சியின்மேல் பளிச்சென்று ஒளி விழுந்தது. "நல்ல காகிதம்," என்றாள். "எறும்புக்குப் பதற்றத்தோட இருபத்திரண்டு படம் எடுத்தேன். இதுக்கு அவசரமே இல்லை."

எடுத்து முடித்ததும், பழக்கதோஷத்தில் செயலாளரே கேமராவைக் கூடத்துத் திரைக்கு இணைத்தார். சுவர் அகலத்துக்குக் கும்பிடுபூச்சி எழுந்து நின்றது. இடது கை, நாலாவது முள், இல்லை. கண்ணில் புள்ளி, அதன் விளிம்பில் நீல மை கசிந்திருந்தது.

குழு அவசர அவசரமாக ஒருமனதாயிற்று. ஒழுங்கு நடவடிக்கை கைவிடப்பட்டது. பதக்கம் தையல்காரியிடமே இருக்கும். வாசலில் ஒட்ட எழுதி வைத்திருந்த தாளைச் செயலாளர் எட்டாகக் கிழித்து, கிழித்ததைக் குறிப்பேட்டிலும் பதிந்தார்.

"அந்தத் தாள்ல என் பேருக்குப் பதிலா என்ன ஒட்டப் போறீங்க?" என்றாள் தையல்காரி.

"எதுவும் ஒட்ட வேண்டாமே..."

"எறும்பை ஒட்டுங்க. பெரிசா. மூணு கொம்போட."

அதுவும் தீர்மானமாயிற்று. தலைவர் கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்தார். தோற்ற மனிதரின் குரல் அல்ல அது. "எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள். வரலாறு என்னைத்தான் பேசும். செத்ததோ உயிருள்ளதோ, என் பூச்சிக்கு இயற்கை தந்த கொம்புகள் இரண்டு. இரண்டும் அசல். கண்ணிருந்தால் பாருங்கள்."

ஆகவே பார்த்தார்கள். தையல்காரி படத்தைத் தலைப்பக்கம் நகர்த்திப் பெரிதாக்கினாள். வலது கொம்பு, கோத்த மணிகளைப் போலக் கணுக்கணுவாக இருந்தது. இடது கொம்பில் கணு இல்லை. வழவழவென்று ஒரே நீளமாக வளைந்து, அடியில் காய்ந்த பசை உருண்டைக்குள் போய் முடிந்தது.

கொழுந்தன் திரையைப் பார்த்தான். பிறகு, அறுபத்தேழு வயதிலும் கருகருவென்று படிய வாரியிருந்த தலைவரின் தலையைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை.

இடது கொம்பு தலைவருடைய தலைமுடி. சாயம் பூசியது, அடியில் கால் பங்கு வெள்ளை.